கப்பல் துவாயும் 25 டொலர் பில்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் அம்மா அப்பாவைக் கூப்பிட்டால், முன்பெல்லாம் நயாகராவைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். இப்போது ஒரு கிழமைக் கப்பல் பயணமும் சேர்ந்துவிட்டது. போய்விட்டு ஊர் திரும்புகிறவர்கள் மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் என்னைக் கண்டால் முதல் கதையே, "தம்பி, துவாய்க்கு 25 டொலர் எடுத்துப்போட்டானுகள்" என்றுதான் தொடங்கும். நான் ஒரு பெரிய உல்லாசக் கப்பலின் நீச்சல் தடாகத் தளத்தில் மூன்று ஒப்பந்தக் காலம் துவாய் கொடுத்து வாங்கியவன். கப்பலின் பெயர் வேண்டாம். ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லிக் களைத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். பயணம் போகிற அம்மா அப்பாவுக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டலாம்.

துவாய்க்கு வாடகை எடுக்கிறாங்களா?

இல்லை. எடுப்பது, ஈரமானதைக் கொடுத்துக் காய்ந்ததை வாங்குவது, அடுத்த நாள் திரும்பவும் எடுப்பது எல்லாம் பயணச் சீட்டுக் காசுக்குள் அடக்கம். திருப்பிக் கொடுக்காத துவாய்க்குத்தான் காசு. ரோயல் கரீபியன் கப்பல்களில் ஒரு துவாய்க்கு 25 டொலர், கார்னிவல் கப்பல்களில் 22 டொலர் என்பது பலருக்கும் பழகிப்போன கணக்கு. டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 25 டொலர் 7,500 ரூபாய். நாலு பேர் போன குடும்பம் நாலையும் தவறவிட்டால் 30,000. கம்பனிகள் இந்தத் தொகையை இடைக்கிடை மாற்றும். உங்கள் அறையில் வைத்திருக்கும் கடதாசியில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் செல்லும். ஏறின அன்றே அதை ஒருதரம் வாசியுங்கள்.

ஒரு துவாய்க்கு 7,500 ரூபாயா? மருதமுனையில அந்தக் காசுக்கு வீட்டு ஆம்பிளைகள் எல்லாருக்கும் சாரம் எடுக்கலாமே?

எடுக்கலாம்தான். துணியின் பெறுமதியை மட்டும் பார்த்தால் 25 டொலர் அநியாயம். அங்கே வேலைக்கு நின்றபோதும் எனக்கு அதே எண்ணம்தான். ஆனால் அந்தத் தொகை துணிக்குப் போட்ட விலை இல்லை, பயம் காட்டப் போட்ட விலை.

கல்முனையில் ஒரு ஹோட்டலில் துவாய் முடிந்துவிட்டால் பையனைக் கடைக்கு அனுப்பலாம். நடுக்கடலில் எந்தக் கடைக்கு அனுப்புவது? புறப்படும்போது ஏற்றினதுதான் கையிருப்பு. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகன் ஒஃப் த சீஸ் என்கிற கப்பல் நிரம்பினால் கிட்டத்தட்ட 7,600 பயணிகளைக் கொள்ளும். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு துவாய் என்றால் 15,000 துவாய். அவ்வளவையும் கப்பலின் அடித்தளத்தில் வெயிலே காணாத ஒரு சலவைக்கூடத்தில் முறை வைத்துத் தோய்க்கிறார்கள். அதற்கான தண்ணீரிலும் பெரும்பகுதி கடல் நீரை உப்பு நீக்கி அங்கேயே எடுப்பது. தோய்த்து, உலர்த்தி, மடித்து விடியும் முன் மேல்தளத்துக்கு ஏற்றிவிட வேண்டும்.

களவு எடுக்கிறவர்கள் இதில் சிறிய தொந்தரவு. பெரிய தொந்தரவு குவிக்கிறவர்கள். ஐந்து பேர் உள்ள குடும்பம் ஒவ்வொரு தரமும் புதுத் துவாய் எடுத்து, ஈரமானதை அறைக்குள்ளேயே போட்டு வைக்கும். மூன்றாம் நாள் அந்த அறையில் பதினைந்து கிடக்கும், மேலே கவுண்டரில் "கொஞ்சம் பொறுங்க, கீழேயிருந்து வருது" என்று நான் வரிசையில் நிற்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். பெயரில் பதிந்து, கொடுக்காவிட்டால் காசு என்று சொன்னபிறகு இந்தக் குவிப்பு பாதியாவது குறையும்.

எப்படி எடுக்கிற? எங்க கையெழுத்துப் போடுற?

கப்பலுக்குக் கப்பல் வேறு. மூன்று வழக்கம் உண்டு.

முதலாவது, தடாகத்துக்கு அருகில் கவுண்டர் வைத்து, உங்கள் கப்பல் அட்டையைத் தட்டிப் பதிந்து தருவது. அறைக் கதவு திறக்கிற அதே அட்டைதான். கப்பலுக்குள் காசுத்தாள் செல்லாது, குடிக்கிற சோடாவிலிருந்து துவாய் வரை எல்லாம் அந்த அட்டையின் கணக்கில் ஏறும். பையன் ஸ்கேனரைப் பிடிப்பான், 'பீப்' என்று கேட்கும், துவாய் உங்கள் பெயருக்கு வந்துவிட்டது. கையெழுத்து இப்போது அநேகமாக இல்லை.

இரண்டாவது, ஏறும்போதே அறைக்குள் ஆளுக்கு ஒன்றாகத் துவாய் வைத்திருப்பது. கார்னிவலில் பழகினவர்களுக்கு இது தெரியும். பக்கத்தில் ஒரு சிறு கடதாசி இருக்கும்: இத்தனை துவாய் தந்திருக்கிறோம், கடைசி நாள் இத்தனையும் அறையில் இருக்க வேண்டும், குறைந்தால் இவ்வளவு. நீங்கள் எதிலும் ஒப்பமிடவில்லை என்றாலும் கணக்கு தொடங்கிவிட்டது. கட்டாயம் எண்ணிப் பாருங்கள். கடதாசியில் நாலு என்று போட்டு, கட்டிலில் மூன்று இருந்தால் அந்த நிமிடமே அறைப் பணியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நாலாம் நாள் சொன்னால் அவர் என்ன செய்வார் பாவம்.

மூன்றாவது வழக்கத்தில் கணக்கே இல்லை. டிஸ்னி கப்பல்கள் போன்றவற்றில் தடாகத் தளத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். எடுங்கள், துடையுங்கள், பெட்டிக்குள் போடுங்கள். அந்தக் கப்பலில் போகிறீர்கள் என்றால் இந்தப் பக்கத்தை இதோடு மூடிவிட்டுப் போய்க் குளிக்கலாம்.

நாங்க துவாயைக் குடுத்திட்டம். அப்பிடியிருந்தும் பில் வந்திட்டு. ஏன்?

என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இரண்டாவது ஒப்பந்தக் காலத்தில் ஒரு நாள் பின்னேரம், களுவாஞ்சிகுடிப் பக்கத்து ஐயாவும் அம்மாவும் கவுண்டருக்கு வந்தார்கள். ஐயா கொஞ்சம் பின்னால் நின்றார். அம்மா என் சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டியைப் பார்த்தார். அதில் பெயருக்குக் கீழே நாட்டின் பெயரும் இருக்கும்.

"மனே, நீங்க தமிழா?"

"ஓம் அம்மா. கல்லடி."

"ஐயோ, எங்கட புள்ள!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு துவாய்க்கு 50 டொலர் எண்டு மகள்ற போன்ல காட்டுது. நான் என்ட கையால அந்தப் பெட்டிக்குள்ள போட்ட நான். மறுகா ஏன் மனே காசு கேக்கிறானுகள்?"

அவர் காட்டிய பெட்டி தடாகத்தின் மறுபக்கம் இருந்தது. இடுப்பளவு உயரம், சில்லு வைத்தது, குளோரினும் சன்கிரீமும் கலந்த ஈர வாடை அடிக்கும் பெட்டி. பாவித்த துவாயைப் போடத்தான் அது. ஆனால் அதற்குள் போட்டதும் துவாய் யாருடையது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் துவாயில் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை, நூறும் ஒன்று போலவே இருக்கும். கவுண்டரில் அட்டையைக் கொடுத்து, பையன் அந்த 'பீப்'பைத் தட்டினால் மட்டும்தான் உங்கள் கணக்கிலிருந்து ஒன்று கழியும்.

பொது நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுபோய், கவுண்டரில் கொடுக்காமல் வாசிப்பு மேசையில் வைத்துவிட்டு வந்தால் என்ன நடக்கும்? புத்தகம் நூலகத்துக்குள்தான் இருக்கும். உங்கள் அட்டையில் தண்டப் பணம் ஏறிக்கொண்டே இருக்கும். அம்மாவுக்கு நான் சொன்னது இதைத்தான். "அதுவும் சரிதான்" என்றார். ஐயா அப்போதுதான் முதன்முறையாக வாயைத் திறந்தார்: "நான் அப்பவே சொன்ன, அந்தப் பொடியன்ட கையில குடு எண்டு."

வேலை முடிந்ததும் அவர்களோடு வரவேற்பு மேசைக்குப் போய்ச் சொன்னேன். இரண்டையும் கழித்துவிட்டார்கள். முதல் தரம் கேட்கிறவர்களுக்கு, கதை நம்பும்படி இருந்தால், பெரும்பாலும் கழிப்பார்கள். ஒவ்வொரு நாளும் போய் நின்றால் கழிக்க மாட்டார்கள்.

ஆக, எடுக்கும்போது ஒரு 'பீப்', கொடுக்கும்போது ஒரு 'பீப்'. இரண்டாவது கேட்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். கூட்டமாக இருந்தாலும், பையன் "ஓகே ஓகே, போடுங்க" என்று அவசரப்படுத்தினாலும் அட்டையை நீட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்த "ஓகே ஓகே"யை நானும் சொல்லியிருக்கிறேன். வெயில் கொளுத்துகிற இரண்டு மணிக்கு நாற்பது பேர் வரிசையில் நின்றால் எவனும் சொல்வான்.

துவாயைக் கதிரையில போட்டு இடம் பிடிச்சிட்டு சாப்பிடப் போகலாமா?

கொழும்பு பஸ்ஸில் யன்னலுக்குள்ளால் லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிற பழக்கம் நமக்கு இரத்தத்திலேயே உண்டு. கப்பலில் இதை வெள்ளைக்காரர்கள் நம்மை விட மோசமாகச் செய்வார்கள். காலை ஆறரைக்கு வந்து தடாகத்தின் முன்வரிசைச் சாய்கதிரைகளில் துவாயை விரித்து, மேலே ஒரு செருப்பை வைத்துவிட்டுத் திரும்பவும் நித்திரைக்குப் போகிறவர்களைத் தினமும் பார்த்தேன்.

இதற்கும் விதி உண்டு. கார்னிவலில் ஆளில்லாத கதிரையில் நேரம் குறித்த ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, 40 நிமிடத்துக்குள் யாரும் வராவிட்டால் பொருட்களை எடுத்துவிடுவார்கள். ரோயல் கரீபியனில் 30 நிமிடம். எடுக்கிற பொருள் பத்திரமாகக் கவுண்டரில் இருக்கும். செருப்பு, புத்தகம், மூக்குக்கண்ணாடி எல்லாம் திரும்பக் கிடைக்கும்.

துவாய்க்குத்தான் அந்த உறுதி இல்லை. கதிரையிலிருந்து எடுக்கிற துவாய் பல சமயம் நேரே சலவைப் பெட்டிக்குள் போய்விடும். மேலே சொன்ன அதே சிக்கல்: துவாய் கப்பலிடம், கணக்கு உங்களிடம். இடம் பிடிக்கப் போய் 25 டொலரை இழந்த ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கவுண்டரில் சத்தம் போடும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வரும், மறைப்பானேன்.

கழிவறைக்குப் போக வேண்டும், பிள்ளைக்கு ஐஸ்கிரீம் எடுக்க வேண்டும் என்றால் பயமில்லாமல் போகலாம். மதியச் சாப்பாட்டுக்குப் போகிறீர்கள் என்றால் துவாயைக் கையோடு எடுத்துப் போங்கள், அல்லது கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஆரோ எங்கட துவாயை எடுத்திட்டுப் போயிட்டான். நாங்க எவன்ட துவாயையாவது எடுக்கலாமா?

எடுக்கிறார்கள் என்பது உண்மை. ஒருவன் உங்களுடையதை எடுக்க, நீங்கள் அடுத்தவருடையதை எடுக்க, அவர் இன்னொருவருடையதை எடுக்க, கடைசியில் ஒரு துவாய் முழுத் தளத்தையும் சுற்றி வரும். யாருடைய துவாய் திரும்பினாலும் அட்டை தட்டினவர் கணக்கில்தான் கழியும் என்பதால் இது வேலை செய்யவும் செய்யும். ஆனால் நீங்கள் எடுத்த துவாயின் ஆள் ஒரு அம்மாவாக இருக்கலாம், களுவாஞ்சிகுடிக்காரியாகவும் இருக்கலாம்.

செய்ய வேண்டியது எளிது. துவாய் காணாமல் போனது தெரிந்ததும் கவுண்டரில் சொல்லுங்கள், அன்றைக்கே சொல்லுங்கள். அங்கு நிற்பவரால் முடியாவிட்டால் வரவேற்பு மேசையில் குறித்து வைப்பார்கள். அன்று சொன்ன முறைப்பாடும் கடைசி நாள் காலையில் சொன்னதும் ஒன்றாகாது. கடைசி நாள் காலையில் துவாய் தொலையாத ஆளே கப்பலில் இருக்க மாட்டார்.

தொலையாமல் இருக்க ஒரு சின்ன உபாயம்: துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றை, பளிச்சென்ற நிறத்தில், துவாயின் ஓரத்தில் மாட்டிவிடுங்கள். நூறு நீலத் துவாய்களுக்குள் உங்களுடையது சிவப்புக் கிளிப்போடு இருக்கும். காற்றுக்கும் பறக்காது.

துறைமுகத்தில இறங்கி கடற்கரைக்குக் கொண்டு போகலாமா?

ஓம். அநேகமான கப்பல்களில் அதற்கும் இதே துவாய்தான். சிலவற்றில் இறங்குகிற வாசலிலேயே துவாய் அடுக்கி வைத்திருப்பார்கள்.

தொலைவதற்கு நல்ல இடமும் இதுதான். பாசிக்குடாவில் குளித்துவிட்டு வேனில் ஏறும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஈரத் துவாயை ஒருவர் மரக்கொப்பில் போட்டிருப்பார், ஒருவர் பிள்ளையைச் சுற்றிவிட்டு வேன் சீட்டிலேயே விட்டிருப்பார். வீட்டுத் துவாய் என்றால் நாளைக்கு எடுக்கலாம். கப்பல் மாலை ஐந்து மணிக்குக் கட்டாயம் வெளிக்கிடும், டாக்ஸிக்காரன் பின்சீட்டில் கிடக்கும் துவாயோடு ஊருக்குள் போயிருப்பான். கடற்கரையை விட்டு நகரும் முன் ஒருவர் எண்ணுங்கள். பிளாஸ்டிக் பை ஒன்று கொண்டுபோனால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டிப் போடலாம். மண்ணை உதறிவிட்டுப் போடுங்கள், சலவைக்கூடத்தில் நிற்கிறவன் உங்களை வாழ்த்துவான்.

அறைக்குள்ள இருக்கிற வெள்ளைத் துவாயைக் கொண்டுபோய்க் குளிச்சா என்ன?

வேண்டாம். வெள்ளை குளியலறைக்கு, நிறத் துவாய் தடாகத்துக்கு. வெள்ளையைக் கொண்டு வந்தால் கவுண்டரில் நிற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார், நீங்கள் திரும்பவும் இறங்கிப் போக வேண்டும்.

இரவு அறைக்கு வந்தா கட்டிலில துவாயில செஞ்ச குரங்கு ஒண்டு தொங்குது. அதுக்கும் காசா?

இல்லை. அது அறைப் பணியாளர் உங்களுக்காகச் செய்து வைத்தது. யானை, முயல், அன்னம் எல்லாம் வரும். குலைத்துத் துடைக்கவும் செய்யலாம், பேரப்பிள்ளைகள் விட்டால்.

ஈரத் துவாயை ஒரு நாளில எத்தனை தரம் மாத்தலாம்?

எத்தனை தரமும். ஈரமானதைக் கொடுத்தால் காய்ந்தது வரும், ஒன்றுக்கு ஒன்று. கொடுக்காமல் கேட்டால் உங்கள் பெயரில் இரண்டாகிவிடும்.

வீட்டுத் துவாய் கொண்டு போகலாமா?

தாராளமாக. ஒருவரும் தடுக்க மாட்டார்கள். பெட்டியின் நிறை பார்க்க வேண்டியவர்கள் தடித்த துவாயை விட்டுவிட்டு மெல்லிய கைத்தறித் துவாயைக் கொண்டுபோங்கள். கப்பலின் துவாய் காய்வதற்கு முன் அது மூன்று தரம் காய்ந்துவிடும்.

ஆனால் பல்கனிக் கம்பியில் காயப்போடாதீர்கள். வீட்டுப் பழக்கத்தில் எல்லாரும் செய்வது அதுதான். கப்பல் ஓடும்போது காற்று அதைத் தூக்கிக் கடலில் போடும், அல்லது கீழ்த்தளத்துப் பல்கனியில் போடும். மேலேயிருந்து எவனாவது எறிகிற சிகரெட் கட்டை ஈரம் உலர்ந்த துணியில் விழுந்தால் தீ. கப்பலில் தண்ணீரை விட நெருப்புக்குத்தான் பயம். குளியலறையில் இழுத்துக் கட்டுகிற ஒரு கயிறு அநேகமாக இருக்கும், அதில் போடுங்கள்.

இடையில் ஒரு கதை. துவாய் என்கிற சொல்லே கப்பலில் வந்ததுதான். போர்த்துக்கேயரின் 'தொஆல்யா' நம் வாயில் துவாயாகிவிட்டது. ஒரு நாள் போர்த்துக்கேய மொழி பேசுகிற ஒரு பெரியவர் கவுண்டருக்கு வந்து, ஆங்கிலச் சொல்லை யோசித்துக்கொண்டே தன் மொழியில் முணுமுணுத்தார். அவர் சொல்லி முடிக்கும் முன் நான் துவாயை நீட்டிவிட்டேன். மனிதர் திகைத்துப்போனார். மேசை, கதிரை, சாவி, அலுமாரி, லேஞ்சி எல்லாம் அவர்கள் விட்டுப்போனவைதான். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினவர்களிடம் பிறகு ஒல்லாந்தர் அதைப் பறித்தார்கள், ஆனால் இந்தச் சொற்களை யாரும் திருப்பி வாங்கவில்லை.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. தனிய விட்டா சமாளிப்பாவா?

சமாளிப்பார். இரண்டு சொல் போதும். எடுக்கும்போது அட்டையையும் விரல்களையும் காட்டி "டவல், டூ" என்றால் இரண்டு தருவார்கள். கொடுக்கும்போது துவாயோடு அட்டையையும் நீட்டி "ரிட்டர்ன்" என்றால் போதும். 'பீப்' கேட்கிறதா என்று பார்க்க மொழி வேண்டாம்.

பெயர்ப் பட்டிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். இலங்கை, இந்தியா என்று போட்டிருந்தால் ஒரு "தம்பி" கேட்டுப் பார்ப்பதில் நட்டம் இல்லை. அட்டையை மட்டும் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அட்டையைத் தொலைப்பது துவாயைத் தொலைப்பதை விடப் பெரிய தலையிடி.

சின்னப் பிள்ளைகளுக்கும் தனித் துவாயா?

ஓம், அதுவும் அறையின் கணக்கிலேயே ஏறும். பதின்ம வயதுப் பொடியன்களைக் கவனியுங்கள். தங்கள் அட்டையால் எடுத்து, கூட்டாளிமாரோடு போய், எங்கேயோ போட்டுவிட்டு வருவார்கள். பில் தகப்பனுக்கு.

துவாயோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டயப்பர் கட்டுகிற வயதுப் பிள்ளையைப் பெரிய தடாகத்தில் இறக்க விடமாட்டார்கள், நீச்சல் டயப்பர் கட்டியிருந்தாலும். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வருகிற கப்பல்களுக்கு அந்த நாட்டுச் சுகாதாரத் துறை போட்ட விதி அது. கவுண்டரில் நிற்கிறவனோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

எடுக்கிற 25 டொலர் அங்க வேலை செய்யிற உங்களுக்கு வருமா?

ஒரு சதமும் வராது. அது கம்பனிக்கு. ஒவ்வொரு நாளும் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறுகிற டிப்ஸ் வேறு. துவாய்க் காசைக் கழித்துத் தந்தால் பையனின் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று நினைத்து, கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்ட ஆட்களும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கடைசி நாள் என்ன செய்ய வேணும்?

கப்பல் கரை சேர்வதற்கு முதல் நாளைத்தான் கடைசி நாள் என்று எண்ணுங்கள். விடிந்தால் இறக்கிவிடுவதிலேயே அவர்கள் கண்ணாயிருப்பார்கள். கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும் என்று மத்தியானமே கேட்டு வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கு உடுத்திக்கொண்டு வந்து, மூடின கவுண்டரின் முன் துவாயோடு நிற்கிறவர்களை ஒவ்வொரு பயணத்திலும் பார்த்தேன்.

பின்னேரமே கட்டிலுக்கு அடியில், குளியலறைக் கதவின் பின்னால், பெட்டியின் அடியில் தேடுங்கள். பெட்டியின் அடியில் முக்கியம்: இரவு பெட்டிகளை வாசலில் வைத்தால் கொண்டுபோய்விடுவார்கள், அதற்குள் தவறிப்போன துவாயும் போய்விடும். எல்லாவற்றையும் கவுண்டரில் கொடுத்து, எத்தனை கழிந்தது என்று எண்ணுங்கள். அறையில் துவாய் வைக்கிற கப்பல் என்றால் அத்தனையையும் கட்டிலில் அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்துவிட்டு இறங்குங்கள்.

பிறகு கணக்கைப் பாருங்கள். கப்பலின் செயலியிலோ, அறைத் தொலைக்காட்சியிலோ, வரவேற்பு மேசையிலோ பார்க்கலாம். துவாய்க் காசு பெரும்பாலும் இந்தக் கடைசி இரவில்தான் ஏறும். அதனால் அதற்கு முன்பே பார்த்து "ஒன்றும் இல்லை" என்று நிம்மதியாகத் தூங்கினவர்களுக்குத்தான் விடியச் சாமம் கதவுக்கடியால் பில்லாக அதிர்ச்சி வரும்.

பிழையா ஏறியிருந்தா?

இறங்க முதல் போய்க் கேளுங்கள். காலையில் வரவேற்பு மேசையில் வரிசை நீளும், அதற்காக விட்டுவிடாதீர்கள். எந்த நாள், எந்தக் கவுண்டர், எத்தனை மணி அளவில் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். கோபப்பட வேண்டாம். அங்கே நிற்கிற பெண் இரவு முழுக்க இதே கதையைக் கேட்டிருப்பாள், அமைதியாகப் பேசுகிறவருக்கு மனம் இளகும். இறங்கி வீட்டுக்கு வந்தபிறகு மின்னஞ்சல், கடன் அட்டைக் கம்பனி என்று அலைய வேண்டும். மகளின் அட்டையில் போன 25 டொலருக்காக மகள் அலைய மாட்டாள், "விடுங்கம்மா" என்பாள்.

நம்ம பக்கம் வாற கப்பல்கள் உண்டா?

மட்டக்களப்புக்கு இல்லை. 1602இல் ஒல்லாந்தக் கப்பல்தலைவன் ஸ்பில்பேர்கன் இங்கேதான் வந்து இறங்கினான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், ஆனால் இன்றைய பெரிய கப்பல்களுக்கு இங்கே ஆழமான துறைமுகம் கிடையாது. பக்கத்தில் திருகோணமலைக்கு வரும். 2023இல் சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டைக்கும் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் வந்தது. அது புதுக் கப்பல் இல்லை, முன்பு ரோயல் கரீபியனிடம் இருந்த எம்பிரஸ் ஒஃப் த சீஸ்தான்.

கப்பல் வேண்டாம், பாசிக்குடாவில் ஒரு நாள் தங்கினால் போதும் என்கிறவர்களுக்கும் இது உதவும். கடற்கரை ஹோட்டல்கள் சிலவற்றில் அறைச் சாவியோடு துவாய் அட்டை ஒன்று தருவார்கள். அட்டையைக் கொடுத்துத் துவாய், துவாயைக் கொடுத்து அட்டை. வெளிக்கிடும்போது அட்டை கையில் இருந்தால் கதை முடிந்தது. 'பீப்'பை விட எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், கையில் பிடித்துப் பார்க்கலாம்.

ஆரையம்பதி வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தா உள்ளுக்கு ஒரு கப்பல் துவாய். இப்ப என்ன செய்யிற?

முதலில் பில்லைப் பாருங்கள். 25 டொலர் எடுத்திருந்தால் அது உங்கள் துவாய், களவு இல்லை, காசு கொடுத்து வாங்கினது. தபாலில் திருப்பி அனுப்ப நினைக்காதீர்கள், அனுப்புகிற செலவு துவாயை விடக் கூட வரும்.

எடுக்கவில்லை என்றால் இரண்டில் ஒன்று. கணக்கு வைக்காத கப்பலாக இருக்கும். அல்லது நீங்கள் கவுண்டரில் கொடுத்துக் கழித்தது வேறு யாரோ ஒருவரின் துவாயாக இருக்கும், அந்த ஆள் இந்நேரம் எங்கேயோ இருந்து உங்கள் துவாய்க்குக் காசு கட்டியிருப்பார். அவரைத் தேடிப் பிடிக்க வழி இல்லை.

குளோரின் போக இரண்டு தரம் தோய்த்து, நல்ல வெயிலில் போடுங்கள். தடித்த துணி. மார்கழி மழையில் போட்டீர்கள் என்றால் மூன்று நாளானாலும் காயாது.